மல்லித் தோட்டத்துப் பிள்ளை வேளாண் பொருளியல் முதுகலைக்கு வெளிநாடு போகலாமா?

பூக்கூடை

வணக்கம். மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் பி.எஸ்சி. அக்ரி நான்காம் ஆண்டு முடிக்கப்போகிறேன். ஓஜிபிஏ, அதாவது மொத்தச் சராசரி மதிப்பெண், பத்துக்கு 7.8. ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். அப்பாவுக்கு எழுபது சென்டில் மல்லி, ஒரு ஏக்கர் நெல். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விட்டால் கிணறு ஊறும், இல்லாவிட்டால் நெல்லை மறந்துவிட வேண்டியதுதான்.

வேளாண் பொருளியலில் முதுகலை படிக்க ஆசை. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் கட்டணமே இல்லை, ஆங்கிலத்திலேயே படிக்கலாம் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னதில் இருந்து தூக்கம் போய்விட்டது. வீட்டில் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை, சிரித்தார். "மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல நாளைக்குப் பூ என்ன விலைக்குப் போகும்னு எனக்கே தெரியாது. அதை ஜெர்மன்காரன் சொல்லித்தரப் போறானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் அங்கே என்னதான் சொல்லித்தருகிறார்கள்? என் மார்க்குக்கு இடம் கிடைக்குமா? எவ்வளவு பணம் வேண்டும்? படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_ஒத்தக்கடை

தங்கச்சி, யானைமலையைப் பார்த்துக்கொண்டே முதுகலையும் படிக்கலாமே. 1965இல் தொடங்கிய கல்லூரி நம்முடையது. வேளாண் பொருளியல் துறை அங்கேயே இருக்கிறது. நான் அங்கேதான் எம்.எஸ்சி. முடித்தேன். ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நுழைவுத் தேர்வில் நல்ல இடம் வாங்கினால் உதவித்தொகையோடு வெளி மாநிலத்துக்கும் போகலாம். அப்புறம் நபார்டு வங்கியில் கிரேடு ஏ அதிகாரி, வங்கிகளில் விவசாய அலுவலர் வேலை. வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்து இங்கே ஆசிரியர் பணிக்குப் போக நினைத்தால் சமானச் சான்றுக்கு அலைய வேண்டும். ஆசை வேறு, கணக்கு வேறு. பொருளியல் படிக்கப்போகிற பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அரைக்கிணறு

அப்பா கேட்டது சரியான கேள்வி. நாளைய பூ விலையைச் சொல்கிற பொருளியலாளர் எங்காவது இருந்தால் எனக்கும் நம்பர் கொடுங்கள், நானும் முப்பது சென்ட் வைத்திருக்கிறேன்.

மேலூர்_கால்வாய்

நான் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் வேளாண் மற்றும் உணவுப் பொருளியல் முதுகலை முடித்தவன். அதற்கு முன்னால் நானும் அக்ரிதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். பான் இருக்கும் மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்கு முந்நூறு யூரோ சொச்சம் கட்டினால் போதும், பஸ், ரயில் பயணச்சீட்டும் அதிலேயே அடங்கிவிடும். கோட்டிங்கன் பல்கலைக்கழகமும் அப்படித்தான். ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளியல் மிக நல்ல படிப்பு. ஆனால் அது இருக்கும் மாநிலத்தில் 2017இல் இருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். நான்கு செமஸ்டருக்கு ஆறாயிரம். "ஜெர்மனியில் கட்டணமே இல்லை" என்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் நம் துறையில் பெரிய பெயர், ஆனால் நமக்கு ஆண்டுக்கு 20,000 யூரோவுக்கு மேல்.

கட்டணம் இல்லாத இடத்திலும் செலவு உண்டு. விசாவுக்கு முன்னால் முடக்கக் கணக்கு என்ற வங்கிக் கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 வீதம் உனக்கே திருப்பித் தருவார்கள். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் சுமார் 12 லட்சம். அதற்கு முன், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், அதற்கு 18,000 ரூபாய். 2022 நவம்பரில் இருந்து இது இல்லாமல் மாணவர் விசா மனுவே போட முடியாது. விசாவுக்குச் சென்னை போக வேண்டும். கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். நான் போன வங்கியில் விவசாய நிலத்தை ஈடாக ஏற்கவில்லை, அதுவும் கூட்டுப் பட்டா. மாமா வீட்டு மனைப் பத்திரம்தான் என்னை அனுப்பியது. இன்றைக்கும் அத்தை அதைச் சொல்லிக்காட்டுவார்.

மார்க். இங்கே எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, அங்கே எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உச்ச மதிப்பெண்ணில் இருந்து உன் மதிப்பெண்ணைக் கழி. உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்டு. உச்சம் 10, தேர்ச்சி 5 என்று எடுத்தால் உன் 7.8க்கு 2.32 வரும். பல இடங்களில் 2.5 வரம்பு வைத்திருக்கிறார்கள், ஆகவே பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. பொருளியலிலும் புள்ளியியலிலும் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நம் பி.எஸ்சி.யில் பூச்சி, நோய், மண், உழவியல் எல்லாம் போக, பொருளியலுக்கு மிஞ்சுவது நாலைந்து பாடம். பண்ணை மேலாண்மை, விவசாயக் கடன், சந்தைப்படுத்துதல் ஆகியவற்றின் பாடத்திட்டத்தை ஒரு வரி விடாமல் இணைத்து அனுப்பு. எனக்கு ஒரு இடத்தில் இதனால்தான் மறுத்தார்கள்.

இனி உன் அப்பா கேட்டது. முதல் மாதம் எனக்கும் அதே சந்தேகம்தான். வகுப்பில் வயலும் இல்லை, மாடும் இல்லை. பலகை முழுக்க வகைநுண்கணிதம். பிளஸ் டூவுக்கு அப்புறம் அதை நான் கனவில்கூடப் பார்த்ததில்லை. ஆடுதுறை நெல் ரகத்துக்கும் கோவை நெல் ரகத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவனுக்கு அங்கே ஒரு மதிப்பும் கிடையாது.

திருப்பம் வந்தது ஒரு பொருளியல் மாதிரியை (model) நடத்தியபோது. விவசாயக் குடும்பம் ஒரே நேரத்தில் உற்பத்தியாளன், தொழிலாளி, நுகர்வோன் என்று எடுத்துக்கொள்ளும் மாதிரி, 1980களில் முழு வடிவம் பெற்றது. நெல் விலை ஏறினால் விவசாயி கூடுதலாக விற்பானா? கடைக்காரன் என்றால் விற்பான். ஆனால் நம் வீட்டில் நெல் விலை ஏறினால் வருமானமும் ஏறுகிறது. கை கொஞ்சம் தாராளமானால், வீட்டுக்கு ஒதுக்கும் மூட்டை கூடுகிறது, மகள் வீட்டுக்கு ஒரு மூட்டை போகிறது. சந்தைக்கு வருவது நாம் நினைத்த அளவு கூடுவதில்லை. இதை என் அப்பத்தா வாய்க்கணக்காகச் செய்தவர். அதைச் சமன்பாடாகப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன்.

இன்னொரு நாள் நிலத்தடி நீர் பாடம். ஒரு யூனிட் தண்ணீர் கூடுதலாக எடுக்க விவசாயிக்கு ஆகும் செலவு என்ன என்று பேராசிரியர் கேட்டார். எங்கள் மாநிலத்தில் விவசாய மோட்டாருக்கு மின்கட்டணம் இல்லை, ஆகவே பூஜ்யம் என்றேன். அன்றைய வகுப்பு முழுக்கத் தமிழ்நாட்டைப் பற்றியே ஓடியது. கட்டணம் போட்டால் நீர் மிஞ்சும், ஆனால் சிறு விவசாயி நிற்பானா என்று பிரேசில்காரனும் கென்யாக்காரியும் சண்டை போட்டார்கள். உன்னைப் போன்றவர்களுக்கு அங்கே இருக்கும் பலம் இதுதான்.

பூக்கூடை

அண்ணே, ரொம்ப நன்றி. 12 லட்சம் என்று படித்ததும் அம்மா எழுந்து போய்விட்டார். உதவித்தொகை எதுவும் கிடைக்காதா?

அரைகுறை_ஆர்

நான் அமெரிக்காவில் இதே துறையில் பிஎச்.டி. செய்கிறேன். இங்கே உதவியாளர் பணி கொடுத்தால் கட்டணமும் தள்ளுபடி, மாதச் சம்பளமும் வரும். ஆனால் முதலில் பிஎச்.டி. மாணவர்களுக்கு, மிஞ்சினால்தான் முதுகலைக்கு. அதை நம்பி விமானம் ஏறாதே.

உனக்குப் பொருந்தக்கூடியது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் தலைமையில் கிராமப்புற வளர்ச்சி முதுகலை ஒன்று நடக்கிறது, ஒரு நாட்டில் ஒரு செமஸ்டர் என்று சுற்றிச்சுற்றிப் படிக்கலாம். எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, கைக்கு மாதம் 1,400 யூரோ. போட்டி கடுமை. ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு வளரும் நாட்டவருக்குத் தருவது இன்னொன்று. ஆனால் அதற்குப் பட்டத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். அதனால் இந்த வருடமே போயாக வேண்டும் என்று நினைக்காதே. ஏதாவது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது தோல்வி இல்லை. நிலமற்ற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், பட்டியல் சாதி மாணவர்கள் இதைப் படித்தால், மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான தமிழக அரசுத் திட்டத்தையும் பாருங்கள். ஏஜென்ட்டுகள் இவற்றைச் சொல்வதே இல்லை, அவர்களுக்கு இதில் கமிஷன் இல்லை.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை இன்றைக்கே தொடங்கிவிடு. இலவசம். ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் பின்னடைவுப் பகுப்பாய்வு (regression) கையில் இல்லாமல் போனால் முதல் செமஸ்டரிலேயே மூச்சு வாங்கும்.

பழைய_ஒத்தக்கடை

ஏஜென்ட் என்றதும் நினைவு வந்தது. என் தம்பிக்கு ஒருவர் எழுபதாயிரம் வாங்கிக்கொண்டு, வேளாண் பொருளியல் கேட்டவனுக்கு எங்கோ ஒரு தனியார் கல்லூரியில் "உணவு வணிகம்" வாங்கிக்கொடுத்தார். ஆண்டுக் கட்டணம் ஒன்பது லட்சம். கட்டாமல் விட்டதால் போனது எழுபதாயிரத்தோடு. படிவத்தை நீயே நிரப்பு தங்கச்சி, பி.எஸ்சி. முடித்தவளுக்கு முடியாத வேலை இல்லை.

அரைக்கிணறு

எல்லாம் சரி, பூ விலைக்கு இன்னும் யாரும் வரவில்லையே.

அரைகுறை_ஆர்

வருகிறேன். கேரளக் கடற்கரையில் 1997இல் இருந்து 2001க்குள் செல்போன் வந்தபோது, மத்திமீன் விலை என்ன ஆனது என்று ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். முன்பெல்லாம் ஒரு கரையில் மீன் விற்காமல் கொட்டுவார்கள், கொஞ்ச தூரத்தில் இன்னொரு கரையில் மீனே இருக்காது. போன் வந்ததும் படகில் இருந்தே விலை கேட்டு எங்கே போவது என்று முடிவு செய்தார்கள். சந்தைகளுக்கு இடையே விலை வித்தியாசம் சுருங்கியது, மீன் வீணாவது நின்றது. எங்கள் துறையில் இதைப் படிக்காதவர் கிடையாது. பூக்கூடை தன் விண்ணப்பக் கடிதத்தில் மல்லியை இப்படி எழுதலாம். தகவல் கிடைத்தால் விவசாயி நல்ல விலைக்கு விற்பான்.

பூக்கூடை

அண்ணே, தகவல் இருக்கிறதே. அப்பா போனில் மூன்று வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை ஆறு மணிக்கே நிலக்கோட்டை விலை, திண்டுக்கல் விலை, மாட்டுத்தாவணி விலை எல்லாம் வந்துவிடும். நிலக்கோட்டையில் கிலோவுக்கு நூறு ரூபாய் கூட என்று தெரிந்தும் அப்பா மாட்டுத்தாவணிக்குத்தான் அனுப்புகிறார். ஏனென்றால் அந்தக் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருக்கிறோம். எனக்கு அட்மிஷன் போட்ட வருடம் வாங்கியது.

மேலூர்_கால்வாய்

இதுதான். இதையே எழுது. மீனவன் படகைத் திருப்பலாம், உன் அப்பா வண்டியைத் திருப்ப முடியாது. கடனையும் விற்பனையையும் ஒரே ஆளிடம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குப் பிணைந்த சந்தை என்று எங்கள் பாடத்தில் தனி அத்தியாயமே உண்டு. வட்டி இல்லாத முன்பணம் மாதிரி தெரியும், வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும்.

கமிஷன்கடை_கணக்கு

நான் பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறவன். பேசாமல் படித்துக்கொண்டு போகலாம் என்றுதான் இருந்தேன். வட்டி ஒளிந்திருக்கிறதாம்! ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் தோட்டத்துக்கு மருந்தடிக்கக் காசு வேண்டும் என்று வந்து நிற்பார்கள். எந்த வங்கி காலை ஐந்து மணிக்குப் பணம் கொடுக்கும்? பட்டா கேட்காமல், ஜாமீன் கேட்காமல் கொடுக்கிறோம். நூற்றுக்குப் பத்து கமிஷன் எல்லாருக்கும் ஒன்றுதான், முன்பணம் வாங்கியவருக்கு ஒரு கமிஷன், வாங்காதவருக்கு ஒரு கமிஷன் கிடையாது. ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் பூ கிலோ முந்நூறுக்கும் கீழே விழும்போது, சென்ட் கம்பெனிக்குக் கெஞ்சித் தள்ளிவிடுவது யார்? நாங்கள்தான். அந்த முன்பணத்தில் பாதி திரும்பி வராது. தோட்டக்காரர் ஊரை விட்டுப் போனால் நான் யாரிடம் கேட்பேன்?

மேலூர்_கால்வாய்

அண்ணாச்சி, கோபப்படாதீர்கள். நீங்கள் சொல்வதும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. வங்கி வராத இடத்தில் இந்தப் பிணைப்பு இல்லாவிட்டால் விவசாயிக்குக் கடனே கிடைத்திருக்காது என்று ஒரு கட்சி, சுரண்டல் என்று ஒரு கட்சி. எது உண்மை என்று கணக்கு இல்லாமல் சொல்ல முடியாது. நான் முந்திக்கொண்டு பேசிவிட்டேன்.

அரைகுறை_ஆர்

இன்னொன்றும் இருக்கிறது. விலை ஏறினால் அடுத்த பருவம் எல்லாரும் நட்டு விலை விழும், அப்புறம் எல்லாரும் விட்டுவிட விலை ஏறும் என்று சிலந்திவலைக் கோட்பாடு படிப்போம். சின்ன வெங்காயத்துக்கு அப்படியே பொருந்தும். மல்லிக்குப் பொருந்தாது. வருடக்கணக்கில் நிற்கும் செடி, நினைத்த பருவத்தில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மார்கழிப் பனியில் மொட்டு குறைகிறது, தையில் பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்து வருகின்றன, கல்யாண வீட்டுக்காரர் விலை பார்த்து மாலையைக் குறைப்பதில்லை. கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டுவது இதனால்தான். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வந்தது, பெயர் காப்பாற்றப்பட்டது. விலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி.

கண்மாய்க்கரை

நான் ஓய்வு பெற்ற விரிவாக்க அலுவலர். பிள்ளைகள் பேசுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு பழைய சங்கதி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் பொருளியல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். 1916இல் தன் மாணவர்களை அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், கிணறு எல்லாவற்றையும் கணக்கெடுத்து வரச் சொன்னார். அப்படி எடுத்த ஊர்களில் ஒன்று வடமலைபுரம், இன்றைய விருதுநகர் மாவட்டம், நமக்குத் தெற்கே. இருபது வருடம் கழித்து அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள், அதற்குப் பின்னும் போனார்கள். ஒரு ஊரை நூறு வருடமாகத் தொடர்ந்து பார்க்க முடிவதே அந்த மாணவர்கள் எழுதி வைத்த கணக்கால்தான்.

என் காலத்தில் கண்மாய் நீர்ப்பாய்ச்சிக்கு எத்தனை மரக்கால் நெல் கூலி என்று யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் மடை எப்போது சண்டைக்கு வந்தது என்றாவது தெரிந்திருக்கும். 2009இல் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு நோபல் கொடுத்தார்களே, ஊரார் கூடிப் பொதுச்சொத்தை நிர்வகிக்க முடியும் என்று காட்டியதற்கு. செய்தித்தாளில் படித்தபோது எங்கள் ஊர் மடைதான் கண்ணில் வந்தது. பாப்பா, உங்கள் வீட்டில் எழுதி வைத்தது ஏதாவது இருக்கிறதா?

பூக்கூடை

ஐயா, நீங்கள் கேட்டதும் தேடினேன். பூ விற்றதற்குக் கமிஷன் கடை தந்த ஒரு சிட்டையையும் அப்பா எறியவில்லை. வளைந்த கம்பியில் குத்தி, சமையலறை ஆணியில் ஒன்பது வருடத்துச் சிட்டைகள்! தேதி, கிலோ, விலை, கமிஷன், முன்பணத்தில் கழித்தது, கைக்கு வந்தது. பாதியில் எழுத்து மங்கிவிட்டது. மூன்று நாளாக எக்செலில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத் தேதி போடவா, தமிழ் மாதம் போடவா?

அரைகுறை_ஆர்

இரண்டுக்கும் தனித்தனி பத்தி வை. விலை நகர்வது தமிழ் மாதத்தில், ஆர் புரிந்துகொள்வது ஆங்கிலத் தேதியை. முகூர்த்த நாளுக்கு இன்னொரு பத்தி, காலண்டர் பார்த்து 1 அல்லது 0.

பூக்கூடை

ஒரு வாரம் கழித்து வருகிறேன். பெரியப்பா முன்பணம் வாங்கியதே இல்லை, அதே மார்க்கெட்டில் வேறு கடைக்குப் போடுகிறார். அவரிடம் இரண்டு வருடச் சிட்டை இருந்தது. ஒரே தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சில நாள் எங்கள் விலை கிலோவுக்கு இருபது, முப்பது ரூபாய் குறைவு. சில நாள் ஒன்றுதான். இரண்டு மூன்று நாள் எங்களுக்கே கூட. முன்பணத்தால்தான் குறைவு என்று சொல்லிவிடலாமா?

கமிஷன்கடை_கணக்கு

சொல்லக் கூடாது. ஆறு மணிப் பூவும் ஒன்பது மணிப் பூவும் ஒரு விலைக்கா போகும்? வெயில் ஏற ஏற மொட்டு வாடும், விலை இறங்கும். பெரியப்பா வண்டி எப்போது வந்தது, உங்கள் வண்டி எப்போது வந்தது?

மேலூர்_கால்வாய்

அண்ணாச்சி சொன்னதுதான் எங்கள் பாடத்தில் விடுபட்ட மாறி, கணக்கில் சேர்க்காமல் விட்ட காரணம். வந்த நேரம் தெரியாமல் முன்பணத்தின் மேல் பழி போட்டால் தேர்வாளர் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார். சிட்டையில் நேரம் இருக்கிறதா?

பூக்கூடை

இல்லை அண்ணே. அப்பாவிடம் கேட்டேன். இந்த ஒரு வாரமாக நான் என்ன செய்கிறேன் என்று கேட்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். சிட்டையை வாங்கி, மேல் மூலையில் சிவப்பாக இருந்த எண்ணைக் காட்டினார். "வந்த வரிசைக்குத்தானே சீட்டுக் கிழிக்கிறான். நம்பர் சின்னதா இருந்தா முத வண்டி, பெருசா இருந்தா ரெண்டாவது வண்டி. இதுகூடத் தெரியாமலா டைப் அடிக்கிற?" என்றார். ஒன்பது வருட எண்களையும் முதலில் இருந்து அடிக்க வேண்டும். ஆனால் எண் தினமும் ஒன்றில் இருந்து தொடங்கவில்லை, தொடர்ந்து போகிறது. அன்றைக்கு முதல் சீட்டு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கமிஷன்கடை_கணக்கு

ஒவ்வொரு நாளும் முதல் சீட்டு எண்ணைப் பேரேட்டில் எழுதித்தான் கடை திறப்போம். எந்தக் கடை என்று இங்கே போடாதே பாப்பா, தனிச் செய்தியில் சொல். பக்கத்து வரிசைக் கடை என்றால் பழைய பேரேடு கேட்டுப் பார்க்கிறேன். முதலாளி தருவாரா என்று சொல்ல முடியாது. ஐப்பசி மழையில் இரண்டு வருடத்துப் பேரேடு நனைந்து போனது வேறு.